வாசலில் ஆள் நிற்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மின்கம்பி வேலையும் வீட்டு மின்சாதனப் பழுதுபார்ப்பும் செய்துவரும் எனக்கு இந்தப் பகுதிக்காக வரும் கடிதங்கள் பெரும்பாலும் மின்விசிறி, தண்ணீர் மோட்டார், உருகிப்போன பிளக் ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். சென்ற இதழில் என் தாயாரின் செவித்திறன் குறைவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பல, காது சரியாகக் கேட்காதவருக்கு வாசலில் ஆள் வந்திருப்பதைத் தெரிவிக்கும் வழி என்ன என்ற ஒன்றையே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலன் பகுதியில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். அம்மா இறந்த பிறகு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருக்கிறார். நான் ஈப்போவில் வேலை செய்கிறேன். அஞ்சலில் வரும் மருந்துப் பொட்டலம் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டது. கடையில் இருந்தவற்றிலேயே அதிகச் சத்தமுள்ள கம்பியில்லா மணியை வாங்கி மாட்டினேன். பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையாக இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. நாங்கள் பேசுவதில் பாதி கேட்கிறதே, மணி மட்டும் எப்படிக் கேட்காமல் போகும், வேண்டுமென்றே எழுந்து வராமல் இருக்கிறாரோ என்று அண்ணன் சந்தேகப்படுகிறார். இப்போது அப்பா பகல் முழுவதும் கிரில் கதவைப் பூட்டாமலே விட்டுவிடுகிறார். இன்னும் சத்தமான மணி எங்கே கிடைக்கும்? — வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் உங்கள் அண்ணனுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. இரைச்சலில் நெடுங்காலம் வேலை செய்தவரின் காது முதலில் பறிகொடுப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். அந்தப் பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் (ஒலியின் உயரத்தை அளக்கும் அலகு) அளவில் தொடங்குகிறது. வயதினால் வரும் செவித்திறன் குறைவும் உயர்ந்த ஒலிகளில் தொடங்கித்தான் மெல்லக் கீழே இறங்குகிறது. கடைகளில் விற்கும் சிறிய மின்னணு மணிகளின் கிணுகிணுப்பும் குருவிச் சத்தமும் பெரும்பாலும் அந்த உயரத்திலேயே இருக்கின்றன; ஆண்களின் பேச்சுக்குரலோ அதற்கு வெகு கீழே இருக்கிறது. மகன் பேசுவதில் பாதி காதில் விழுந்து, மணி அறவே விழாமல் போவது இப்படிப்பட்ட காதுக்கு இயல்பு. உங்கள் அப்பா நடிக்கவில்லை. அதை அண்ணன் அவரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் இந்தச் சந்தேகம் வீட்டுப் பெரியவர்களை எவ்வளவு குன்ற வைக்கும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அவர் ஆலையில் இருந்த காலத்தையும் எண்ணிப் பாருங்கள். நம் நாட்டின் 1989ஆம் ஆண்டுத் தொழிற்சாலை இரைச்சல் விதிகளின்படி, எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை இரைச்சல் அனுமதிக்கப்பட்டிருந்தது; 2019இல் வந்த புதிய விதிகள்தாம் அதை 85 ஆகக் குறைத்தன. ஐந்து டெசிபல் என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், ஒலியின் ஆற்றலில் அது மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடாகும். வேலை இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்சார் நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அவருடைய பழைய பணிப் பதிவுகளையும் செவிப்பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஒரு முறை சொக்சோ அலுவலகத்துக்குச் சென்று விசாரித்து வாருங்கள்.

இனி மணிக்கு வருகிறேன். இன்னும் சத்தமான மணியைத் தேடாதீர்கள். காது இழந்துவிட்ட ஒலியை எவ்வளவு உரக்க எழுப்பினாலும் அது பக்கத்து வீட்டைத்தான் எழுப்பும். இப்போது இருக்கும் மணியிலேயே பல இசைகள் இருக்கும். அவற்றில் மிகத் தாழ்ந்த குரலில் நீளமாக ஒலிப்பதைத் தேர்ந்து, அப்பாவை அருகில் உட்காரவைத்து, எது கேட்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். தீ எச்சரிக்கை ஒலிகளை வைத்து நடந்த சோதனைகளில், செவித்திறன் குறைந்தவர்களை உறக்கத்திலிருந்து எழுப்ப 3000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி அதிகம் உதவியது. ஆயினும் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மணியின் செய்தி அப்பாவின் கண்ணுக்கும் உடம்புக்கும் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, காலை ஆறு மணி முதல் மறுநாள் விடியும் வரை அப்பா எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் முகம் வைத்து உட்காருகிறார் என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் கருவி வாங்குபவர்கள் நான் செய்த தவற்றையே செய்வார்கள். என் தாயாருக்கு முதன்முதலாக வாங்கிய ஒளி மணியை நான் கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே உள்ள பிளக்கில் செருகினேன்; அதுதான் வீட்டின் நடு இடம் என்பது என் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் கேட்டுக்கு வெளியே நின்று பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஆளில்லாத கூடத்தில் வெள்ளை வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னுவது சன்னல் வழியாக எனக்கே தெரிந்தது. பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் அது தெரியவில்லை. நனைந்து உள்ளே போனதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “எங்கே வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாயா?” மறுநாள் அவரே அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சோற்றுக் குக்கருக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினார். எதிரே இருந்த வெள்ளை ஓட்டுச் சுவரில் வெளிச்சம் பட்டுத் தெறித்ததால், குனிந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், கருவியை எங்கே வைப்பது என்பதை அந்த வீட்டுக்காரரிடமே விட்டுவிடுகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இது. கேட்டுத் தூணில் ஒரு பட்டன். அந்த ஒரே பட்டனுக்கு இயங்கும் ரிசீவர்கள் (பட்டனின் செய்தியை வாங்கித் தெரிவிக்கும் கருவிகள்) மூன்று: பகலில் அவர் அதிகம் இருக்கும் இடத்தில் ஒளி மின்னும் பிளக் ரிசீவர் ஒன்று, சட்டைப்பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ளும் அதிர்வு ரிசீவர் ஒன்று, தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தட்டு ஒன்று. மூன்றையும் ஒரே நாளில் வாங்க முடியாவிட்டால் சட்டைப்பைக் கருவியை முதலில் வாங்குங்கள். பின்வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் அது அவருடனே போகும். காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கும் இது வேண்டியதே, ஏனெனில் குளிக்கும்போதும் உறங்கும்போதும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். அதிர்வுத் தட்டை இலவம்பஞ்சு மெத்தைக்கு அடியில் வைத்தால் பஞ்சு அதிர்வை விழுங்கிவிடும்; தலையணைக்கு உள்ளேயோ நேர் கீழேயோ வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரானால், அதிர்வுக் கருவியை எங்கே வைக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டென்றால், ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் விளக்கு வேண்டாம்.

கிரில் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட முடியாது. வந்தவர் திரும்பிப் போய்விடக் கூடாதே என்ற கவலையில்தான் அப்பா அதைத் திறந்து வைக்கிறார். கேட்டில் யார் நின்றாலும் தனக்குத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் அவரே பூட்டிக்கொள்வார், அதுவரை திட்டாதீர்கள்.

கேள்வி: மணிப் பெட்டியில் 300 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் கேட்டிலிருந்து சமையலறை வரை இருபது மீட்டர்கூட இல்லை. பாதி நேரம் வேலை செய்வதில்லை. ஏமாற்று வேலையா? — வாசகர், பீடோர்

பதில்: அந்த 300 மீட்டர், தடையே இல்லாத திறந்தவெளியில் அளந்த அளவு. இங்கே விற்கும் கம்பியில்லா மணிகளில் பல 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. பலகைச் சுவரை அந்த அலை எளிதாகக் கடந்துவிடும். செங்கல் சுவர் அதைத் தளர்த்தும். மழையில் ஊறிய சுவர் இன்னும் தளர்த்தும். துத்தநாகத் தகடும் இரும்பு வலையும் ஏறக்குறைய மறித்தே விடும். நம் பக்கத்து வீடுகளில் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்குத் தகரம்தான் கூரை, சில வீடுகளில் சுவரும் தகரம்தான்.

பட்டனை எதில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நேரடியாக இரும்புக் கேட்டில் ஒட்டியிருந்தால், பட்டனுக்குள் இருக்கும் சிறிய ஆண்டெனாவின் வலிமையில் பெரும்பகுதி அந்த இரும்பிலேயே வீணாகிவிடும். சிமெண்டுத் தூணுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் இடையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பலகைத் துண்டு ஒன்றை வைத்து அதன் மேல் ஒட்டுங்கள். ரிசீவர் குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்தால் அங்கிருந்து எடுத்து, சன்னல் பக்கமாக உள்ள பிளக்கில் போடுங்கள். பிறகும் சரிவராவிட்டால், பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து வீட்டை நோக்கி நான்கைந்து அடிக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டே நடந்து வாருங்கள். எந்த இடத்தில் முதன்முதலாக விளக்கு மின்னுகிறதோ, அதற்கு முந்தைய சுவரோ தகரமோதான் தடை. பேட்டரி தளர்ந்தாலும் எட்டும் தூரம் குறையும் என்பதால் இந்தச் சோதனையைப் புதுப் பேட்டரியோடு செய்யுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மணியை அழுத்தினால் எங்கள் வீட்டு விளக்கு மின்னுகிறது. என் மாமியார் எழுந்து போய்ப் பார்த்து ஏமாந்து வருகிறார். — வாசகி, தஞ்சோங் மாலிம்

பதில்: இரண்டு வீட்டிலும் ஒரே அலைவரிசையும் ஒரே குறியீடும் அமைந்துவிட்டன. பழைய வகை மணிகளில் சில குறியீடுகளே இருந்தன; உள்ளே உள்ள சிறிய சுவிட்சுகளை வேறு விதமாகத் தள்ளி வைத்தால் போதும். இப்போது பரவலாகக் கிடைப்பவற்றில் ஒவ்வொரு பட்டனுக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குறியீடுகளில் ஒன்று பதிந்திருக்கும். ரிசீவரில் பழைய பதிவை அழித்துவிட்டு உங்கள் பட்டனை மட்டும் மறுபடி பதியுங்கள். அழிக்கும் முறை மணிக்கு மணி மாறும். பெட்டியில் இருந்த தாளைத் தூக்கி எறிந்திருந்தால் வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள். பல முறை ஏமாந்த பெரியவர்கள் உண்மையான மணிக்கும் எழுந்து வராமல் இருந்துவிடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகன், கேமராவோடு கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் மணி போதும் என்கிறான், இல்லாவிட்டால் அங்கிருந்தே செவித்திறன் குறைந்தவர்களுக்கான தொகுப்பு ஒன்றை அனுப்புகிறேன் என்கிறான். எது சரி? — வாசகர், கோலகங்சார்

பதில்: கேமரா மணியில் பெரிய நன்மை ஒன்று உண்டு: வந்திருப்பவர் யார் என்று கதவைத் திறக்காமலே பார்க்கலாம். பேச்சைக் கேட்டு ஆளை அடையாளம் காண முடியாதவருக்கு அது சிறிய உதவியன்று. ஆனால் அது வீட்டு வைஃபையை நம்பியிருப்பது. கேட்டு வரை வைஃபை எட்ட வேண்டும், இணையம் அறுபடாமல் இருக்க வேண்டும், கைப்பேசி கையிலேயே இருக்க வேண்டும். தோட்டப்புறத்தில் மழை பெய்தால் இணையம் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதிரும் கைக்கடிகாரத்தோடு இணைத்துக்கொண்டால் கைப்பேசி எங்கோ கிடக்கும் குறை தீரும். 2020 முதல் ஆப்பிள், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அழைப்பு மணி ஒலியைத் தானே அறிந்து அதிர்ந்து தெரிவிக்கும் வசதியும் வந்திருக்கிறது. கூடுதல் துணையாக அதைப் பயன்படுத்தலாம், ஒரே துணையாக வேண்டாம். என் விருப்பம், சாதாரண கம்பியில்லா மணியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வசதி இருந்தால் கேமராவை அதற்கு மேல் சேர்த்துக்கொள்வது.

லண்டன் தொகுப்பைப் பொறுத்தவரை, அங்குள்ள மூன்று முனை பிளக்கும் 230 வோல்ட் மின்சாரமும் இங்கேயும் அவையே என்பதால் செருகுவதில் சிக்கல் இராது. வானொலி அலைவரிசைதான் வேறு. ஐரோப்பாவுக்கான இத்தகைய கருவிகள் பல 868 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. எந்த அலைவரிசை எதற்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கே பயன்படுத்தும் கம்பியில்லாக் கருவிக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்க வேண்டும். ஆகவே மகனைப் பணம் அனுப்பச் சொல்லி, முத்திரை உள்ள கருவியை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடி இடித்தால் என் பாட்டி வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுகிறார். பிறகு மணி ரிசீவரை மட்டும் செருக மறந்துவிடுகிறார். — மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: பாட்டியைக் குறை சொல்லாதே, தம்பி. மின்னல் அதிகம் விழும் நாடு நம்முடையது. அவர் செய்வது முறையான செயல். பிளக் ரிசீவரோடு, பேட்டரியில் இயங்கும் அல்லது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ரிசீவர் ஒன்றையும் வைத்துவிடு. மின்சாரம் தடைபடும் நாள்களுக்கும் அது உதவும். மழை விட்டதும் பாட்டி முதலில் எதைச் செருகுவார் என்று கவனித்து, அதன் பக்கத்திலேயே மணி ரிசீவரை வை. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் அது சாமி மேடை விளக்கின் பிளக்.

பட்டனையும் கவனிக்க வேண்டும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பொத்தான் வடிவப் பேட்டரி அல்லது விரல் நுனி அளவுள்ள 12 வோல்ட் பேட்டரி. கேட்டில் மழை படும் இடமென்றால் ‘ஐபி’ என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் இரண்டாவது எண் 4 அல்லது அதற்கு மேல் இருக்கும் பட்டனை வாங்கு; தண்ணீரைத் தாங்கும் திறனை அந்த எண் சொல்கிறது. சில மாதங்களுக்கு ஒரு முறை திறந்து, பேட்டரி தொடும் தகட்டில் பச்சை பூத்திருந்தால் துடைத்துவிடு. பேட்டரியே இல்லாமல், அழுத்தும் விசையிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் பட்டன்களும் இருக்கின்றன. அவற்றைச் சற்று அழுத்தமாகத் தட்ட வேண்டும். எதுவானாலும் வாரத்துக்கு ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது நீயே அழுத்திப் பார். காது கேட்பவருக்கு மணி கெட்டுப்போனால் எப்படியோ தெரிந்துவிடும். பாட்டிக்கு அது கெட்டுப்போனதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கேள்வி: இவற்றுக்கு அரசாங்க உதவி உண்டா? — வாசகி, பாகான் செராய்

பதில்: முதலில் மருத்துவமனையில் செவிப்பரிசோதனை செய்து, தகுதி இருந்தால் சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிந்துகொள்ளுங்கள். அட்டை உள்ள, வசதி குறைந்த குடும்பத்தினருக்குத் துணைக் கருவிகள் வாங்க அந்த இலாகாவில் உதவித் திட்டம் இருக்கிறது. மருத்துவரின் பரிந்துரை தேவைப்படும். அட்டை வைத்திருக்கும் பெற்றோர், துணைவர், பிள்ளைகளுக்காக வாங்கும் அடிப்படைத் துணைக் கருவிகளுக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரிக் கழிவும் உண்டு. காது கேட்கும் கருவி அதில் அடங்கும். மணித் தொகுப்பையும் சேர்க்கலாமா என்பதை வரி வாரியத்திடம் கேட்டுக்கொண்டு, ரசீதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

கேள்வி: நான் பிறவியிலேயே காது கேளாதவள், கணவரும் அப்படியே. எங்களைக் கேட்காமல் மாமனார் வாசலில் அசைவை உணரும் கருவி ஒன்றை வைத்து, கூடத்து விளக்கோடு இணைத்துவிட்டார். இரவெல்லாம் நாய் போனாலும் மின்னுகிறது. நண்பகலில் ஆளே வந்தாலும் சில சமயம் மின்னுவதில்லை. பட்டன் இருந்தபோது ஒரு தொல்லையும் இல்லை, வருபவர்கள் அதை அழுத்தாமல் ஹாரன் அடித்துவிட்டுப் போவதைத் தவிர. — வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாமனார் அன்பினால் செய்திருக்கிறார், ஆனால் உங்கள் வீட்டில் எது, எப்போது மின்ன வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தாம். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். ஐயா, அசைவை உணரும் அந்தக் கருவி உடற்சூட்டின் நகர்வைப் பார்த்து வேலை செய்வது. நண்பகலில் வாசற்சுவரும் காற்றும் மனிதத் தோலின் சூட்டை ஒட்டி வந்துவிடும்போது ஆளைப் பிரித்தறிய முடியாமல் தடுமாறும். குளிர்ந்த இரவில் நாயும் பூனையும் அதற்குப் பளிச்செனத் தெரியும். அதை வாசலிலிருந்து கழற்றிப் பின்புறத்தில் வைத்து, படுக்கையறை அதிர்வுத் தட்டோடு சேர்க்காமல் விடுங்கள். வாசலுக்குப் பட்டனே இருக்கட்டும். வீட்டார் வந்தால் இரண்டு முறை, வெளியார் வந்தால் ஒரு முறை என்று வழக்கப்படுத்திக்கொண்டால், யார் வந்திருக்கிறார் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

ஹாரன் அடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு, அம்மா, பட்டன் இருப்பதே தெரியாது. நம் ஊரில் கதவைத் தட்டுவதைவிடக் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவதுதான் பழக்கம். ஒரு பலகையில் “இங்கு வசிப்பவர்களுக்குக் காது கேட்காது, மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும்” என்று தமிழிலும், அதன் கீழே “சிலா தெக்கான் லோசெங்” (மணியை அழுத்தவும்) என்று மலாயிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். காது கேளாதவர் வீடு என்று ஊருக்கெல்லாம் அறிவிக்க விருப்பமில்லையென்றால் முதல் பாதியை விட்டுவிடலாம். மலாய் வரியும் ஒரு அம்புக்குறியும் போதும். பட்டன் சிவப்பு நிறத்தில் இருக்கட்டும். பலகையையும் பட்டனையும் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலே படிக்கவும் எட்டவும் கூடிய உயரத்தில், தூணின் சாலைப் பக்கமாக மாட்டுங்கள். சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறீர்கள். இதழ் வழியாக ஒரு வரி எழுதினால் நானே வந்து மாட்டித் தருகிறேன்.